தூசி போன வழி

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மே மாதம், பள்ளி விடுமுறை தொடங்கிய நான்காவது நாள், ஆரணியில் எங்கள் வீட்டுச் சமையலறையை நானே இடித்துப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தேன். நானே என்றால் நானே. கொத்தனார் கிடையாது, சித்தாள் கிடையாது. கைபேசியில் பதினோரு காணொளிகள் பார்த்திருந்தேன். அதில் ஒன்றில், என்னைவிடப் பெரிய தொப்பை வைத்திருந்த ஒருவர் இரண்டே நாளில் அடுப்பு மேடையை இடித்து, புது மேடை போட்டு, அதன்மேல் ஆம்லெட்டும் போட்டுச் சாப்பிட்டார். என் தன்னம்பிக்கைக்கு அந்தத் தொப்பைதான் ஆதாரம்.

காரணம் என்னவோ நியாயமானதுதான். நாங்கள் இந்த வீட்டை வாங்கும்போதே அந்த மேடை இருந்தது. எனக்கே தொடைக்குச் சற்று மேலேதான் வரும். என் மனைவியோ என்னைவிட இரண்டு விரல் உயரம். பன்னிரண்டு வருடங்களாக அவள் குனிந்தபடியேதான் சமைத்தாள். இடுப்பு வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், சீட்டை நீட்டும்போது, "மேடைய ஒரு ஜாண் ஏத்துங்க சார், மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார். கொத்தனாரைக் கேட்டால், கையில் நான்கு வேலை இருக்கிறது, ஆடி கழியட்டும் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். கோட்டைகள் எப்படித் தகர்ந்தன என்று இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு ஓர் அடுப்பு மேடை எம்மாத்திரம்?

உடைப்பதற்கு முன் வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று எல்லாக் காணொளிகளும் சொல்லின. அந்தப் பாடத்தை மட்டும் நான் மனப்பாடமாகக் கற்றேன். மூன்று நாள் தயாரித்தேன். பாத்திரம் பண்டங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி, "சமையல் 1" முதல் "சமையல் 14" வரை எண் போட்டேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. எண்கள் இருந்தாலே ஒழுங்கு வந்துவிடும் என்று எங்கள் கல்வித் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. அன்று மாலை கடுகு தேடி ஒன்பது பெட்டிகளைப் பிரித்தோம். ஹாலில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஒற்றை அடுப்பை வைத்துத் தற்காலிகச் சமையலறை அமைத்தேன். பழைய மேடையைவிட அது இன்னும் அரை அடி தாழ்வு.

"இடுப்பு வலிக்கு வைத்தியம் பண்றேன்னு சொல்லிட்டு, இப்ப தரையிலயே உக்கார வச்சிட்டீங்களே" என்றாள் மனைவி.

"ரெண்டே நாள்தான்" என்றேன்.

என் உண்மையான பெருமை தூசித் தடுப்பில் இருந்தது. இடிக்கும்போது கிளம்பும் தூசி வீடு முழுக்கப் பரவிவிடும் என்பதால், சமையலறை வாசலில் கனமான பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் வைத்து ஒட்டினேன். கீழே ஈரத் துணி. கொல்லைக் கதவின் இடுக்கில் செய்தித்தாள். ஜன்னலுக்கும் பாலிதீன். ஹாலில் இருந்த என் புத்தக அலமாரிக்குத் தனியாக மூன்று போர்வை. புத்தகத்துக்கு மூன்று, அரிசி மூட்டைக்கு ஒன்று என்பதை மனைவி கவனித்தாள். அவள் கவனித்ததை நானும் கவனித்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாலிதீனின் ஓரத்தில் விட்டிருந்த மடிப்பு வழியாக உள்ளே போய் உளியையும் சுத்தியையும் எடுத்தேன். இருபது நிமிடம் அடித்தேன். மேடையின் முகப்பு ஓடுகள் விழுந்தன. பின்னால் இருந்த பழைய சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே புகைமூட்டம் மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து பார்த்தேன். ஹாலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. புத்தக அலமாரியின்மேல் விரலால் தேய்த்துப் பார்த்தேன். சுத்தம். மனைவியையும் கூப்பிட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன்.

அவள் விரலைப் பார்த்தாள், பாலிதீனைப் பார்த்தாள். "அப்ப உள்ள கிளம்புனதெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். நானோ, அதை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் மினி வேன் ஓட்டுகிறார். வீட்டில் தறி போடுவது இவர்தான். அவர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து நான்கு வருடம். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்று அவர் தலைமுடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"சார், சுத்திய வச்சிட்டு கொஞ்சம் வர்றீங்களா" என்றார். குரலில் கோபம் இல்லை. வேகமும் இல்லை. "அக்கா, நீங்களும் வாங்க."

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. எங்கள் சமையலறைக்கும் அவருடைய தறி அறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவர் கூரை வரை போவதில்லை. ஓட்டுக்கும் சுவரின் உச்சிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக. எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் இருமல் கேட்கும். நான்கு வருடமாக அந்த இருமலைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அதைக் கிண்டல் பண்ணிக்கூடப் பேசியிருக்கிறேன். வாசல், ஜன்னல், கொல்லை எல்லாவற்றையும் அத்தனை அக்கறையாக அடைத்தவன், தூசி போவதற்கு ஒரே ஒரு வழியை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அது நேராக அவருடைய தறிக்குப் போகிற வழி.

தறியில் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. நெய்து முடித்த பகுதி கட்டையில் சுருண்டிருந்தது. இன்னும் இரண்டு முழம் பாக்கி. நெய்ய வேண்டிய பாவு, அடுத்த புடவைக்கும் சேர்த்து, அறையின் நீளத்துக்கும் இழுத்துக் கட்டப்பட்டு நின்றது. ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. அதன்மேல் முழுக்க, மாவு சலித்த மாதிரி, என் சமையலறைச் சுண்ணாம்பு.

"பெரணமல்லூர் பொண்ணு சார். அதுவே வந்து கலர் பாத்துட்டுப் போச்சு. அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம். நாளன்னிக்கு அறுத்துக் குடுக்கணும்" என்றார். அறுப்பது என்றால் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பது. இன்னொரு பாவு ஏற்றிப் புதிதாக நெய்ய நாள் இல்லை. அந்தப் பாவு வீணானால் ஒரு பெண் தனக்கென்று தேர்ந்தெடுத்த புடவை இல்லாமல் மணையில் உட்கார வேண்டும். அதற்குக் காரணம் ஒரு வரலாற்று ஆசிரியர் என்பதைப் பெரணமல்லூரின் வரலாறு பதிவு செய்யும்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நன்றாகப் பேசுவேன் என்று எனக்குப் பெயர் உண்டு. பாவின் அருகே போய், கைகூப்பி, "அம்மா, இது முழுக்க முழுக்க என்னோட…" என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க சார். மூச்சுக்காத்து படுது" என்றார்.

வாயை மூடினேன். வகுப்பறையில் நான் பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை அதட்டிச் சொன்னதை அவர் அத்தனை மெதுவாகச் சொல்லிக் காரியத்தை முடித்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்று வரை மறக்கவில்லை. முதலில் ஒன்றுமே செய்யவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். எங்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, தானும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரம். நானாக இருந்தால் அதற்குள் ஈரத் துணியை எடுத்து ஒரு துடை துடைத்திருப்பேன். மனைவிக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது, மெல்ல, "துணி எதனா நனைச்சுக் குடுக்கட்டுமா?" என்றாள்.

"தண்ணி ஒரு சொட்டு படக்கூடாதுக்கா. சுண்ணாம்பு ஈரமாச்சின்னா பட்டைத் தின்னுடும். கையாலயும் தேய்க்கக்கூடாது, உள்ள ஏறிடும். பறக்குறது அல்லாம் மொதல்ல உக்காரட்டும்."

எல்லாம் உட்கார்ந்த பிறகு பாவுக்கு அடியில் தரையில் பழைய வேட்டிகளை விரித்தார். விழும் தூசி தரையில் பட்டு மறுபடி எழும்பாமல் இருக்க. பிறகு என்னைப் பார்த்தார். "சார், அடியில படுத்துக்கினு மேல லைட் அடிக்கணும். அப்பதான் எங்க தூசி கீதுன்னு எனக்குத் தெரியும். முடியுமா?"

முடியாது என்று சொல்லும் நிலையிலா நான் இருந்தேன்? கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, பாவுக்கு அடியில் மல்லாந்து நகர்ந்து போனேன். என் தொப்பைக்கும் பட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மூச்சை அளந்து விட்டேன். பாவை அவர் தளர்த்தவில்லை. விறைப்பாக இருந்தால்தான் தூசி தெறித்து விழுமாம். வழவழவென்று தேய்ந்த மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, அடிப்பக்கமாகப் பாவைத் தட்ட ஆரம்பித்தார். தட்டினார் என்று சொல்வதே அதிகம். தூங்கும் குழந்தையின் முதுகில் வைக்கிற அளவு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாண் அகலத்துத் தூசி நழுவிக் கீழே வந்தது. கீழே என்றால் என் முகத்துக்கு. நான் கிளப்பிய தூசி, சுவர் ஏறி, வீடு தாண்டி, என்னைத் தேடி வந்து சேர்ந்தது.

பத்தாவது நிமிடம் எனக்குத் தும்மல் வந்தது.

பாவுக்கு அடியிலிருந்து ஒரு தும்மல் போட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "அக்கா, கால் கட்டைவிரலைக் கிள்ளுங்க, ஜல்தி" என்றார் அவர். மனைவி கிள்ளினாள். தும்மல் போய்விட்டது. கட்டைவிரலும் ஏறக்குறையப் போய்விட்டது. பன்னிரண்டு வருடத்து இடுப்பு வலி முழுவதும் அந்தக் கிள்ளலில் இருந்தது. அதன் பிறகு எனக்குத் தும்மல் வராதபோதும் இரண்டு தடவை கிள்ளினாள். முன்னெச்சரிக்கையாம்.

மதியம் ஒரு மணி வரை தட்டினார். ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். தட்டியும் போகாத இடத்தில் உலர்ந்த பழைய பட்டுத் துணியை இழையின் போக்கிலேயே, ஒரே திசையில், ஒரு தடவை மட்டும் ஓட்டினார். அடுத்த தடவைக்குத் துணியின் வேறு மடிப்பு. கடைசியில் தறியில் உட்கார்ந்து இரண்டு விரல் அகலம் நெய்து பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் தேர்வு முடிவுக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றோம். ஓர் இழை அறுந்தது. அவர் அதைத் திரித்து முடிந்துவிட்டு மறுபடி நெய்தார். இன்னோர் இழை. அதையும் முடிந்தார். அதற்குப் பிறகு ஒரு சாண் போல நெய்தும் எதுவும் அறவில்லை. ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து, நெய்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல சார்" என்றார். அப்போதுதான் அவர் தன் தலையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

நான் உடனே ஓர் அறிக்கை வெளியிட்டேன். சமையலறை வேலையை இத்துடன் நிறுத்துகிறேன், மேடை அப்படியே கிடக்கட்டும், ஆடி கழிந்து கொத்தனார் வந்து பார்த்துக்கொள்வார் என்றேன். தியாகம் செய்கிற தொனி என் குரலில் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

"நல்லாக் கீதே" என்றார் அவர். "ஆடி வரிக்கும் அக்கா தரையில குந்திகினு சமைப்பாங்களா? அவங்க இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? வாங்க, உங்க வூட்டப் பாப்போம்."

வந்தார். நான் ஒட்டிய பாலிதீனைப் பார்த்தார். "ஒட்டுனதெல்லாம் சுத்தமாத்தான் ஒட்டிக்கீறீங்க" என்றார். பாராட்டா, கிண்டலா என்று தெரியவில்லை. உள்ளே போய் நடுவில் நின்று, காலையில் தறி முன்னால் நின்ற மாதிரியே, சுற்றிலும் பார்த்தார். பிறகு கேட்டார். சிங்க்குக்கு வரும் தண்ணீரை எங்கே மூடுவது? எனக்குத் தெரியாது. மிக்ஸிக்கான ஒயர் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது? தெரியாது. உடைத்த கல்லை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது? கொல்லை வழியாகத்தான், ஆனால் அந்தக் கதவை நானே அடைத்துவைத்திருந்தேன்.

"இந்தக் கடப்பாக் கல்லு எங்க சுவருக்குள்ள நாலு விரக்கடை வந்துகீது சார். பாவு இழுத்துக் கட்டுற முளை அதுக்குப் பக்கத்துலதான். இத இழுத்துப் பிடுங்கிடாதீங்க. சுவரோட சமமா அறுத்துட்டு உள்ள கீறத உட்டுடுங்க."

அதைத்தான் மறுநாள் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்குவதாக இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே முதல்முறையாகச் சொல்கிறேன்.

நூலைப் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, இழை இழையாகப் பிணைத்து முடிக்க நாள் கணக்காகும், அதற்கப்புறம் நெய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். தயாரிப்பு என்றால் என்ன என்பதை அவர் அந்த அறையில் நின்றிருந்த விதத்திலேயே பார்த்துவிட்டேன். நான் தயாரிப்பு என்று நினைத்தது, என் பொருட்களுக்குப் போர்வை போர்த்துவதை.

மறுநாள் காலை, சுவரின் உச்சியில் இருந்த இடைவெளியை, நனைத்த கோணிகளை அடுக்கி, அதன்மேல் என் பாலிதீனையே ஒட்டி அடைத்தோம். ஏணியில் ஏறியது அவர், பிடித்தது நான். இறங்கியதும், "அக்கா, நாலு மொளகா வறுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். மனைவி ஒற்றை அடுப்பைச் சமையலறைக்குள் வைத்து மிளகாயை வறுத்தாள். நாங்கள் இந்தப் பக்கம் கண்ணில் நீர் வழிய நின்றோம். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. திரும்பி வந்து, உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து அடைத்தார். மறுபடி நாலு மிளகாய். இப்போது நாங்கள் இருவர் மட்டும் இருமினோம்.

"இப்ப உடைங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

நேரமும் அவர்தான் குறித்தார். அவர் தறியை மூடிவிட்டுச் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் பகல் ஒன்று முதல் மூன்று வரை மட்டும். அக்கினி நட்சத்திர வெயிலில், ஓட்டுக் கூரைக்கு அடியில், அந்த இரண்டு மணி நேரம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காரையின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு சட்டி நிறைந்ததும் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மூன்று மணிக்குத் தறிச் சத்தம் கேட்டால் சுத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தத் தொப்பைக்காரர் இரண்டு நாளில் முடித்த வேலை எனக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. மேடையும் உயர்ந்தது. ஒரு மூலை லேசாகச் சரிந்திருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை அங்கே வைத்தால் அது தானாகவே சிங்க்கை நோக்கிப் பயணப்படும். மனைவி இப்போது நிமிர்ந்து நின்று சமைக்கிறாள். நிமிர்ந்து நின்றே என்னைத் திட்டவும் முடிகிறது.

புடவை அறுத்த அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வாசல் வெளிச்சத்தில் அதை விரித்து, ஒரு முனையை மனைவியிடம் கொடுத்தார். சந்தன நிறத்தில் அரக்குக் கரை. சுண்ணாம்பால் இழை அறுந்து அவர் முடிச்சுப் போட்ட இடம் எதுவென்று நான் புடவை முழுக்கத் தேடினேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது எங்கேம்மா?" என்று கேட்டேன்.

அவர் பார்க்காமலேயே ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உட்டுடுங்க சார். கல்யாணப் பொண்ணு கட்டிக்கப்போற பொடவைல பேஜாரத் தேடுறீங்களே" என்று சிரித்தபடி மடிக்கத் தொடங்கினார்.

அந்தப் பெரணமல்லூர்ப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவருடைய முகூர்த்தப் புடவைக்கு அடியில் ஒரு வாத்தியார் கட்டைவிரல் வீங்கப் படுத்துக் கிடந்தது அவருக்குத் தெரியப்போவதும் இல்லை. என் வீட்டில் ஒரு பொட்டுத் தூசி விழக்கூடாது என்று நான் அடைத்த ஒவ்வொரு சந்தும் இன்னொருவர் வீட்டுக்கு அதைத் திருப்பிவிட்டது என்பதை ஐம்பது வயதில் கற்றேன். அதைக் கற்பித்தவர் அன்று முழுவதும் ஒரு வார்த்தையைக்கூட உரக்கச் சொல்லவில்லை என்பதை நினைத்தால், இன்றும் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.